திரும்பி வரும் தண்ணீர்

பாமா இறந்துபோன ஆறாவது மாதம், சமையலறைக் குழாய் வழியாக வர ஆரம்பித்தாள்.

இப்படிச் சொன்னால் சூர்யநாராயணன் சண்டைக்கு வருவார். பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புனேயில் ராணுவக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் விடும் பிரிவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய்க்குள் எது எப்படிப் போகும், எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆகவே மனுஷர் விவரம் தெரியாமல் ஏமாந்தார் என்று அவருக்காகப் பரிந்து பேச வழியில்லை. எல்லாம் தெரிந்தேதான் செய்தார்.

புனேயிலேயே கோர்படியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் அவருடைய ஃப்ளாட், தரைத்தளம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மேடாக ஒரு புல்வெளி, குடியிருப்புச் சொசைட்டிக்குப் பொதுவானது. அதன் ஓரத்தில் அவர் மனைவி பாமா வெட்டிவேர் வைத்திருந்தாள். திருச்சியிலிருந்து நாற்றை ஈரத்துணியில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள் அவள். 'நடுத் தோட்டத்தில் எதற்கு இந்தக் காட்டுப்புல்?' என்று மராட்டியில் முணுமுணுத்தவர்களை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் ஒரு தூரைக் கிளப்பி, வேரை அலசி உலர்த்தி, நூல் சுற்றிக் குடிதண்ணீர்ப் பானையில் போடுவாள். அந்த வீட்டில் தண்ணீர் என்றாலே அந்த வாசனைதான்.

அஸ்தி கரைக்க ஆளந்தியில் இந்திராயணி ஆற்றுக்குப் போனார்கள். சாஸ்திரிகள், "கைய நன்னா விரிச்சு விடுங்கோ" என்றார். சூர்யநாராயணன் விரித்தார், ஒரு கையை மட்டும். இன்னொரு கை ஒரு பிடி அஸ்தியோடு வேஷ்டி மடிப்புக்குள் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆற்றில் அவளை மொத்தமாக அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அந்தச் சாயங்காலமே வெட்டிவேர் தூருக்கு அடியில் தோண்டி வைத்து மூடினார். அப்படிச் செய்யக்கூடாது என்று தெரியும். பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் சொசைட்டியின் போர்வெல் வற்றிப்போனது. செகரட்டரி பாட்வர்தன் சுறுசுறுப்பான ஆள். புல்வெளிக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய்களைப் புதைத்து, அதைக் கார்ப்பரேஷன் குடிதண்ணீர்க் குழாயோடு இணைத்துவிட்டார். கார்ப்பரேஷன் தண்ணீர் விடியற்காலையில் வரும், காலை வேலை முடிவதற்குள் நின்றுவிடும். நிற்கும்போதுதான் வம்பு. தெருக்குழாய் காலியாகிக் கீழே இறங்க, மேட்டில் இருக்கும் தோட்டத்துக் குழாய் அதன் பின்னாலேயே இழுபடும். காலையெல்லாம் தண்ணீரை வெளியே விட்ட அதே துளைகள் இப்போது மண்ணுக்குள் ஊறிக்கிடப்பதை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாயில் தங்கி, மறுநாள் முதல் வேகத்தில் வரிசையில் முதலில் இருக்கும் வீடுகளுக்குள் பாயும். முதல் வீடு சூர்யநாராயணனுடையது, எதிர்வீடு ஆரோக்கியமேரியுடையது.

ஒரு நாள் காலையில் காபிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தார். குழாய் முதலில் காற்றைத் துப்பியது. தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, அதன் பிறகு தண்ணீர். லேசான மண் நிறம். வெட்டிவேர் வாசனை.

பாத்திரம் நிரம்பி வழிந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அவருடைய மூளை அங்கேயே, அப்போதே காரணத்தைச் சொல்லிவிட்டது. மேடு, பள்ளம், உறிஞ்சல், இடையில் தடுப்பு வால்வு இல்லாத இணைப்பு. ஒரு போன் போட்டிருந்தால் பாட்வர்தன் ஓடி வந்திருப்பார். அவர் போன் போடவில்லை. ஒரு டம்ளர் பிடித்து, காய்ச்சாமல், வடிகட்டாமல் குடித்தார். தொண்டைக்குள் இறங்கும்போது கண்ணில் நீர் முட்டியது.

அதன் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. காலையில் முதல் டம்ளர். தண்ணீர் நிற்கும் நேரத்தில் மறுபடி சமையலறைக்கு வருவார். கார்ப்பரேஷன் தண்ணீர் நின்ற கையோடு திறந்த குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தால், குழாய் இழுக்கும். புனேயில் பாதி வீடுகளில் இது நடக்கிறது, ஒருவரும் சட்டை செய்வதில்லை. அவருக்கோ, உள்ளே இருந்து ஒருத்தி கையைப் பிடித்துக்கொள்வது போல இருந்தது. 'போகவேண்டியவளைப் போகவிடாமல் ஒரு பிடியைப் பிடித்து வைத்தேன், அதனால்தான் இப்படிக் குழாயில் கிடந்து அலைகிறாள்' என்று தோன்றும். பயமாக இருக்கும். ஆனால் கையை எடுக்க மாட்டார். இழுப்பு அடங்கியதும், "நாளைக்கு வா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குழாயை மூடுவார்.

இந்த நிலைமையில்தான் மகள் சுப்ரஜா தலைப்பிரசவத்துக்கு பெங்களூரிலிருந்து வந்தாள். அம்மா இல்லாத வீட்டுக்கு எதற்கு, இங்கேயே இருக்கட்டுமே என்று மாமியார் வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். அப்பா தனியாக இருக்கிறாரே என்று பிடிவாதமாக வந்துவிட்டாள். வந்த மறுநாள் காலையில் தண்ணீரைக் குடித்தவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, வெட்டிவேர் போட்டியா?"

"ஆமா" என்றார் சூர்யநாராயணன்.

"அப்படியே அம்மா வாசனைப்பா." இன்னொரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், சொல்ல வந்த உண்மை அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அப்போதாவது அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். நமக்கே கோபம் வருகிறது, என்ன செய்வது.

எதிர்வீட்டு ஆரோக்கியமேரி ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அவளுக்கும் அதே தண்ணீர்தான் வந்தது. அவளுக்கு அது வாசனையாகப் படவில்லை, சேற்று நாற்றமாகப் பட்டது. பாட்வர்தனிடம் புகார் செய்தாள். அதே சமயத்தில் புல்வெளியில் வேர்ப்புழு விழுந்து திட்டுத் திட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. சொட்டுநீர்க் குழாயோடு ஒரு தொட்டியை இணைத்து உரத்தையும் பூச்சிமருந்தையும் அதன் வழியாகவே விடலாம் என்று பாட்வர்தன் திட்டம் போட்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க ஒரு வால்வு வைத்துவிடலாம் என்று முடிவானது. எந்த வால்வு என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வேறு யாருக்குப் போகும்? "சூர்யா சாஹேப் இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்று சொல்லி அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடையிலிருந்து மூன்று தினுசு வால்வுகளை மாதிரிக்கு வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து வைத்தார். சுப்ரஜா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இது என்னப்பா?"

"இதுக்குள்ள கீல் போட்டு ஒரு தகடு இருக்கு. தண்ணி முன்னால போனா திறக்கும், திரும்பினா மூடிக்கும். அவ்வளவுதான்."

"இது?"

"இத தோட்டத்துலயே கொஞ்சம் உசரத்துல வெக்கணும். குழாய் உறிஞ்ச ஆரம்பிச்சா காத்த உள்ள விட்டுடும். காத்து பூந்துட்டா அப்புறம் இழுக்க முடியாது."

"இந்தத் தடியன்?" மூன்றாவதை அவளால் ஒரு கையால் நகர்த்த முடியவில்லை.

"அதுல ரெண்டு கதவு, நடுவுல ஒரு அறை. அறைக்கு அடியில ஒரு வாய் இருக்கு பாரு. தெருக்குழாய்ல வேகம் இறங்கினா அந்த வாய் தானாத் திறந்து, நடுவுல இருக்கறத வெளில துப்பிடும். ஒரு கதவு பழுதானாக்கூட அழுக்கு குடிதண்ணிக்கு வராது. விஷம் கலக்கற எடத்துக்கெல்லாம் இதத்தான் போடுவோம்."

"அப்போ இதானே போடணும்? மருந்துத் தொட்டி வெக்கப் போறான்னியே?"

ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும் பதில். சூர்யநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனூண்டு தோட்டத்துக்கு அது அதிகப்படி. மாசா மாசம் பரிசோதனை வேற பண்ணணும். தகடே போறும்."

தகடு போதாது என்று அவருக்குத் தெரியும். மழைக்காலத்துக் கலங்கல் தண்ணீரில் வரும் மணல் கீலில் சிக்கும், தகடு சரியாக மூடாது. வேலையில் இருந்த காலத்தில் இப்படிச் சிக்கிய தகடுகளை எத்தனையோ கழற்றி எறிந்திருக்கிறார். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்சம் கசியட்டும் என்று விட்டார். பாமா வந்துபோக ஒரு சந்து இருக்கட்டும் என்று நினைத்தார்.

சொசைட்டி கூட்டத்தில் அவர் இந்தியில் பேசி முடித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆரோக்கியமேரி மட்டும் எழுந்து தமிழில் கேட்டாள். "இனிமே தண்ணி சரியாயிடுமா சார்?"

"ஆயிடும்."

"நீங்க சொன்னா சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த வார்த்தை அன்று முழுவதும் அவரைக் குடைந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். சாப்பாடு இறங்கவில்லை.

தகடு வைத்த மறுநாள் குழாயில் வெறும் தண்ணீர் வந்தது. அதற்கும் மறுநாள் வெறும் தண்ணீர். நிற்கும் நேரத்தில் கையை வைத்தார், குழாய் எப்போதும்போல இழுத்தது, ஆனால் அது வெறும் காற்று என்று கைக்குத் தெரிந்துவிட்டது. வீடு முழுக்கக் காலியாக இருந்தது. பெண் பேசிக்கொண்டே இருந்தாள், அவர் காதில் எதுவும் விழவில்லை. இரண்டாம் தடவையாகப் பாமாவைப் பறிகொடுத்த மாதிரி சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கார்ப்பரேஷன் தண்ணீர் கலங்கி வந்தது. அவர் எதிர்பார்த்தபடியே ஒரு காலையில் குழாய் கனைத்தது, வாசனை வந்தது. அன்றைக்கு மனுஷர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே காய்கறி நறுக்கினார். மருந்துத் தொட்டி மூலையில் வெறுமனே நின்றுகொண்டிருந்தது. மழை விட்ட பிறகுதான் மருந்து ஊற்றுவார்கள், அதற்குள் தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

மழை இடையில் இரண்டு நாள் ஓய்ந்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை ஸ்வாமிக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது, சமையலறையிலிருந்து வெட்டிவேர் வாசனை கூடத்துக்கே வந்தது. இதுவரை இவ்வளவு வந்ததில்லை. சந்தோஷமாக உள்ளே போனார். வாசற்படியில் கால் வைத்ததும் அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெயில் எதையோ கருக்கியது போன்ற காரமான நெடி. சுப்ரஜா டம்ளரைத் தூக்கி வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

பாய்ந்துபோய்த் தட்டிவிட்டார். டம்ளர் அவள் பல்லில் இடித்து, தரையில் உருண்டு அடுப்பு மேடைக்குக் கீழே போனது.

"அப்பா!"

"குடிச்சியா? சொல்லு, குடிச்சியா?"

"இல்லப்பா. இப்பத்தான் எடுத்தேன். என்னாச்சு உனக்கு?"

"நேத்து?"

"நேத்து குடிச்சேன். நன்னாத்தானே இருந்தது." அவள் உதட்டில் ரத்தம் பொட்டாக நின்றது.

செருப்புகூடப் போடாமல் தோட்டக்காரனிடம் ஓடினார். நேற்றுச் சாயங்காலம்தான் முதல்முதலாகத் தொட்டியில் மருந்து ஊற்றியதாக அவன் சொன்னான். அப்படியானால் நேற்றுக் காலைத் தண்ணீரில் அது இல்லை. ராத்திரிதான், சரியாக மூடாத தகடு வழியாகக் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. அங்கேயே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வெட்டிவேர்த் தூர் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. முதல்முறையாக அதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார். ஆற்றங்கரையில் மடக்கிய கை, வேருக்கடியில் வைத்தது, குழாய், தகடு, எல்லாம்.

சுப்ரஜா உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மாவக் கரைச்சுக் குடிச்சிண்டிருந்தியாப்பா?" என்றாள். "என்னையும் குடிக்க வெச்சியா?"

அவர் அடுப்பு மேடைக்குக் கீழே கிடந்த டம்ளரைக் குனிந்து எடுத்தார்.

"அந்தத் தகடு சிக்கிக்கும்னு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சே போட்டியா? நான் இங்க வந்திருக்கறப்போ?" குரல் உயரவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள், அவரிடமிருந்து மறைப்பது போல. "அம்மா இருந்தா இன்னிக்கு உன்ன இந்தாத்துல நிக்க விட்டிருக்க மாட்டா."

உண்மை. பாமா கரண்டியோடு வந்திருப்பாள். அந்த நினைப்பில்தான் அவருக்கு அழுகை வந்தது. செத்துப்போன நாளில்கூட அவர் அப்படி அழவில்லை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து இணைப்பை இறுக்கி மூடிவிட்டு, ஆரோக்கியமேரி வீட்டுக் கதவைத் தட்டினார். தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றார்.

"நான் எப்பவோ நிறுத்திட்டேன் சார். மாடி வீட்ல பிடிச்சிட்டு வர்றேன்."

"என்கிட்ட சொல்லலையே?"

"கூட்டத்துல கேட்டேனே சார். சரியாயிடும்னீங்க." கொஞ்சம் தயங்கினாள். "என் சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா உங்க குழாயடி தெரியும். தினம் கைய வெச்சிட்டு நிக்கிறீங்க. அதுக்கு மேல நான் எப்படி சார் கேக்கறது?"

அடுத்த கூட்டத்தில், போன தடவை தான் சொன்னது தப்பு என்று சூர்யநாராயணன் எழுந்து நின்று சொன்னார். பெரிய வால்வு வாங்கப்பட்டது. தோட்டத்துச் சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வாய் கீழே பார்க்கும்படி அவரே பக்கத்தில் நின்று பொருத்தினார். மாதாமாதம் பரிசோதிக்கும் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டார்.

மழைக்கால முடிவில் சுப்ரஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக்கு வெளியே அவர் நின்ற நிலை பகையாளிக்கும் வரக்கூடாது. நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது அவர் அதன் முகஜாடையைப் பார்க்கவில்லை. விரல்கள், காது, கண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சுப்ரஜா அவரோடு பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். குளிப்பாட்டவும் பத்தியச் சமையலுக்கும் ஆரோக்கியமேரி தினம் வந்துபோனாள்.

குழாயில் இப்போது வெறும் தண்ணீர்தான் வந்தது. ஆனால் சூர்யநாராயணனின் வழக்கம் நிற்கவில்லை, இடம்தான் மாறியது. காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் நிற்கும் நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போவார். வால்வின் கீழ்வாய் திறந்து ஒரு கை தண்ணீரைத் துப்பும். அதை ஏந்தி முகர்ந்து பார்ப்பார். வாசனை இல்லாவிட்டால் இரண்டு கதவும் சரி. வாசனை இருந்தால் தோட்டத்துப் பக்கத்துக் கதவு கசிகிறது என்று அர்த்தம். பரிசோதனைதான். மாதத்துக்கு ஒரு முறை போதுமான பரிசோதனையை அவர் தினமும் செய்தார். ஏந்திய தண்ணீரில் எதை எதிர்பார்க்கிறார் என்று அவரைக் கேட்டால் பதில் சொல்லியிருக்க மாட்டார். எதுவும் இல்லாதபோது நிம்மதியாக இருக்கும். திரும்பி நடக்கும்போது கால் கனக்கும்.

குழந்தைக்கு முதல்முதலாகச் சாதம் ஊட்டி, தண்ணீரும் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு நாள் வால்வு துப்பிய தண்ணீரில் வாசனை வந்தது.

அவர் அசையவில்லை. கை நிறையத் தண்ணீர், லேசான மண் நிறம். வெட்டிவேர். சுற்றிலும் பார்த்தார், யாருமில்லை. ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. இப்போதைக்கு ஆபத்தில்லை, முதல் கதவு தாங்கும் என்று மூளை கணக்குப் போட்டது. கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. இங்கே வந்து தினம் ஒரு கை ஏந்திக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போடும்போதே அது பழைய கணக்கு என்று அவருக்குத் தெரிந்தது. உருண்டுபோன டம்ளரின் சத்தம் காதில் கேட்டது.

"என்னால முடியலடி" என்றார். வாய்விட்டே சொன்னார்.

குழாய்க்குள் எங்கேயோ தண்ணீர் இறங்கும் சத்தம்.

சாஸ்திரிகள் சொன்னது போலக் கையை நன்றாக விரித்தார். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து மண்ணில் போயிற்று. வால்வின் இரண்டு பக்கத்து அடைப்புத் திருகுகளையும் மூடிவிட்டு, வீட்டுக்குப் போய் ஸ்பேனரைக் கொண்டுவந்து வால்வின் மூடியைக் கழற்றினார். இரண்டாவது கதவின் ரப்பர் வளையத்தில், முடி போன்ற மெல்லிய வேர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுத்தார். மறுபடி ஒட்டாதபடி வளையத்தை வேஷ்டித் தலைப்பால் துடைத்தார். மூடியை முடிந்த மட்டும் இறுக்கினார்.

சமையலறை ஜன்னலில் சுப்ரஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. கண் சிவந்திருந்தது.

"என்னப்பா, சிக்கிண்டிருந்துதா?"

"ஆமா. எடுத்துட்டேன்."

குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டியது.

"குழந்தைக்குக் குழாய்த் தண்ணி பிடிக்கலாமாப்பா?"

"பிடிக்கலாம்" என்றார் சூர்யநாராயணன். "ஒண்ணும் வராது."